பூ வேலையும் அலர்ஜியும்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

பூ அலர்ஜி என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் பல தனித்தனிக் கோளாறுகள். விரல் நுனி வெடிப்பதற்கு ஒரு காரணம், கண்ணிமை வீங்குவதற்கு இன்னொன்று, மூச்சு இழுப்பதற்கு வேறொன்று. மருந்தும் வேறு, போட வேண்டிய கையுறையும் வேறு. எல்லாவற்றுக்கும் கையில் கிடைத்த களிம்பையே பூசிக் காலம் தள்ளினால், ஒரே ஒரு செடியை விலக்கித் தீர்த்திருக்கக்கூடிய பிரச்சினைக்காகத் தொழிலையே விட வேண்டி வரும். அது பெரிய அநியாயம். இந்த வழிமுறை அதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்விகள்: உடம்பில் எந்த இடத்தில் தொடங்கியது? தொட்டு எவ்வளவு நேரம் கழித்துத் தொடங்கியது?

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தொட்ட சில நிமிடங்களிலேயே தடிப்போ தும்மலோ வந்தால் அது உடனடி ஒவ்வாமை, அல்லது சாறு நேரடியாகத் தோலை எரிப்பது. செடியைத் தொட்டு வெயிலிலும் நின்று, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து எரிந்து கொப்புளித்தால் அது வெளிச்சத்தால் வரும் எதிர்வினை. 1 முதல் 3 நாள் கழித்து அரிப்பும் சிவப்பும் நீர்க்கொப்புளமும் வந்தால் அது தாமத வகைத் தொடு ஒவ்வாமை. இந்தக் கடைசி வகைதான் ஆளைக் குழப்பும். திங்கட்கிழமை இலை உருவிய பூவுக்குப் புதன்கிழமை அரிக்கும். பழி புதன்கிழமை வந்த புதுப் பூவின் மேல் விழும். எனவே அரிப்பு தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாள் பின்னோக்கிப் போய், என்னென்ன தொட்டோம் என்று எழுதிப் பாருங்கள்.

"இத்தனை வருஷமா இதே பூவைத்தானே தொடுறேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். தொடு ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடம்பு ஒரு பொருளை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளப் பல வருடம் எடுத்துக்கொள்ளலாம். பதிந்த பிறகு சிறிதளவு பட்டாலே போதும். நீண்ட நாள் பழக்கம் ஒரு பூவை நிரபராதி ஆக்காது.

முதலில் அவசரம்

பூவைக் கையாண்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், குரல் கம்முதல், மூச்சு இழுப்பு, தலைசுற்றல் இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சு இழுப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று தனியாக வந்தாலும் அப்படித்தான். ஆம்புலன்ஸை அழையுங்கள். கடும் ஒவ்வாமைக்கென மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசிப் பேனா வைத்திருப்பவரானால் தொடையின் வெளிப்பக்கத்தில், துணிக்கு மேலேயே குத்தலாம். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். அரிப்புக்கான மாத்திரை இந்த நிலையில் உயிரைக் காப்பாற்றாது. அதைக் கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பதுதான் ஆபத்து.

அறிகுறி 1: விரல் நுனி தடித்து, காய்ந்து, வெடிக்கிறது

பூக்கொத்து செய்பவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் வடிவம் இது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சில சமயம் நடுவிரல். நுனிச் சதை மரத்துப் பளபளக்கும், செதில் உதிரும், நகத்தை ஒட்டிக் கோடாக வெடிக்கும். தண்ணீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். உள்ளங்கை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

முதல் சந்தேகம் லில்லி போலத் தோன்றும் அல்ஸ்ட்ரோமீரியா என்ற வெட்டுப்பூ. அடுத்தது ட்யூலிப். இரண்டிலும் ட்யூலிப்போசைடு என்ற பொருள் இருக்கிறது. இலையோ தண்டோ காயப்படும்போது அது ட்யூலிப்பாலின் ஏ என்ற வேதிப்பொருளாக மாறுகிறது. ஒவ்வாமையை உண்டாக்குவது இதுதான். அல்ஸ்ட்ரோமீரியாவில் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உண்டு. ட்யூலிப்பில் கிழங்கின் வெளித்தோலில் அதிகம். அதனால் கிழங்கைத் தரம் பிரிப்பவர்களுக்கும் இதே விரல் நோய் வருகிறது.

ஏன் விரல் நுனி மட்டும்? வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு கை தண்டின் தலைப்பக்கத்தைப் பிடித்திருக்கும். மறு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டை இறுக்கி மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இலைகளை உருவும். ஒவ்வோர் இலைக் காம்பும் கிழியும் இடத்தில் கசியும் சாறு அந்த இரண்டு நுனிகளின் இடையே நசுங்குகிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தண்டுகள். வேதிப்பொருள் தேய்ப்போடு சேர்ந்து தோலுக்குள் போகிறது.

சரிபார்க்கும் முறை:

1. எந்தக் கை என்று பாருங்கள். இலை உருவும் கையில் அதிகம் என்றால் பூதான் காரணமாக இருக்க வாய்ப்பு. உருவாத, பிடித்துக்கொள்ளும் கையின் நுனிகள் மட்டும் வெடித்தால் சமையலறையை விசாரியுங்கள். பூண்டு உரிப்பதிலும் நறுக்குவதிலும் ஏறத்தாழ இதே வெடிப்பு, பூண்டைப் பிடிக்கும் கையில் வரும்.
2. கத்தரிக்கோல் பிடி, தண்ணீர்க் குழாய்த் திருகு, செல்போன், மேசைத் துணி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பூவைத் தொடாத நாளிலும் ஆறவில்லை என்றால் பல சமயம் பழைய சாறு இந்த இடங்களில் படிந்திருப்பதுதான் காரணம்.
3. அல்ஸ்ட்ரோமீரியாவையும் ட்யூலிப்பையும் முழுதாக 3 வாரம் விலக்குங்கள். பக்கத்து மேசையில் வேறொருவர் உருவிய தண்டையும் தொட வேண்டாம். மற்றப் பூ வேலையை வழக்கம்போலச் செய்யலாம். தெளிவாகக் குறைந்தால் பாதி விடை கிடைத்தது.

இங்கே மிகவும் பிசகும் விஷயம் கையுறை. சாதாரண லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறையும் மெல்லிய வினைல் கையுறையும் ட்யூலிப்பாலினைத் தடுப்பதில்லை. அது ஊடுருவி உள்ளே வந்துவிடும். வந்த பிறகு கையுறைக்குள் வியர்வையில் ஊறிய தோலில் அடைபட்டுக் கிடக்கும், வெறுங்கையைவிட மோசம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் தடுக்கும். ஒரு முறை போட்டு எறியும் நைட்ரைலைக் கழுவி மறுபடி போடாதீர்கள். ஓட்டை விழுந்தது தெரிந்த உடனே மாற்றுங்கள். இலை உருவும் வேலைக்குக் கொஞ்சம் தடித்த நைட்ரைலே நல்லது, ஏனென்றால் முதலில் கிழிவது அந்த இரண்டு நுனிகள்தான். தடுப்புக் களிம்பு பூசிக்கொண்டால் கையுறை வேண்டாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சிகிச்சையை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் ஏன் களிம்பு கேட்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விரல் நுனித் தோல் தடிமனானது. முகத்துக்குத் தரும் லேசான ஸ்டீராய்டு அங்கே உள்ளே போகவே போகாது. வீரியமான களிம்பைச் சில வாரம் தர வேண்டியிருக்கும். அளவு: டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவின் நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். இரவில் அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவி பருத்திக் கையுறை போட்டுத் தூங்குங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பை நீங்களாக வாங்கிப் பூசுவது வேண்டவே வேண்டாம். அதில் சேர்க்கப்படும் நியோமைசினே தொடு ஒவ்வாமை தரக்கூடிய பொருள்.

கண்ணுக்கு ஆறியதாகத் தெரிந்த பிறகும் தோலின் தடுப்புத் திறன் முழுதாகத் திரும்பப் பல வாரம் ஆகும். "சரியாகிவிட்டது" என்று அடுத்த நாளே வெறுங்கையோடு உட்காருவதால்தான் மறுபடி மறுபடி வருகிறது. சிலருக்கு ஆறிய இடத்தில் தோலின் நிறம் வெளுத்துப் போவதும் உண்டு.

அறிகுறி 2: விரல் இடுக்கும் புறங்கையும் சிவந்து, வறண்டு, எரிகிறது

நுனி நன்றாக இருக்கிறது, இடுக்குகளிலும் மோதிரத்துக்குக் கீழேயும் தொடங்குகிறது, அரிப்பைவிட எரிச்சல் அதிகம் என்றால் பெரும்பாலும் இது ஒவ்வாமையே இல்லை. ஈரத்தால் வரும் தோல் அழற்சி. வாளித் தண்ணீரில் கை, குளிர்ந்த அறை, வாளி கழுவும் பிளீச்சிங், நாளெல்லாம் சோப்பு.

தோல் மருத்துவத்தில் ஈர வேலைக்கு ஒரு வரையறை உண்டு: நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருப்பது, அல்லது அதே அளவு நேரம் காற்றுப் புகாத கையுறைக்குள் இருப்பது, அல்லது சுமார் 20 முறைக்கு மேல் கை கழுவுவது. பூ வேலையில் காலைப் பொழுதிலேயே இந்த எல்லை தாண்டிவிடும்.

சோப்புக்குப் பதில் சோப்பில்லாத கைகழுவி, வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர், இடுக்கு வரை ஒற்றித் துடைப்பது, ஒவ்வொரு முறையும் உடனே மணமில்லாத ஈரப்பசைக் களிம்பு. வேலை நேரத்தில் மோதிரம் வேண்டாம். கையுறையைக் காய்ந்த கையில் மட்டும் போடுங்கள், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையோடு. அது நனைந்தால் மாற்றுங்கள். வாளி கழுவும்போது நீண்ட கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். கையை உயர்த்தும்போது வழியும் தண்ணீர் முழங்கைப் பக்கம் ஓடாமல் மடிப்பில் நிற்கும்.

இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது. ஈரத்தில் விரிந்த தோல் வழியாகத்தான் பூவின் வேதிப்பொருள் எளிதாக உள்ளே போகிறது. இன்று வெறும் எரிச்சல், பின்னால் உண்மையான ஒவ்வாமை.

இரவில் மட்டும் இடுக்குகளில் பயங்கரமாக அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்கு. ஒரு உள்ளங்கையில் மட்டும் மாவு பூசினாற்போல் செதில், கூடவே இரண்டு பாதங்களிலும் அதே செதில் என்றால் பூஞ்சை. இரண்டுக்கும் ஸ்டீராய்டு பூசினால் நோய் மறைந்துகொண்டு பரவும்.

அறிகுறி 3: கையில் ஒன்றுமில்லை, முகம், கண்ணிமை, கழுத்து சிவந்து அரிக்கிறது

இங்கே சந்தேகம் சாமந்திக் குடும்பத்தின் மேல். சாமந்தி, சூரியகாந்தி, டாலியா, ஜெர்பெரா, ஆஸ்டர், சீமைச் சாமந்தி, களையான பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். இதன் பல செடிகளில் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற வேதிப்பொருள்கள், முக்கியமாக இலையிலும் தண்டிலும் உள்ள மிக நுண்ணிய சுரப்பி ரோமங்களில் இருக்கின்றன. காய்ந்த இலையை உதறும்போதும் பழைய கட்டைப் பிரிக்கும்போதும் இந்த ரோமங்கள் பொடியாகிக் காற்றில் ஏறி முகத்தில் படிகின்றன. அதனால்தான் பூவைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் வருகிறது.

கண்ணிமை, முகம், கழுத்தின் முன் முக்கோணம், முழங்கை மடிப்பு. முதல் பார்வைக்கு வெயில் ஒவ்வாமை போலவே இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. நிழல் விழும் மூன்று இடங்களைக் கண்ணாடியில் பாருங்கள்: மேல் இமையின் மடிப்பு, தாடைக்குக் கீழ், காதுக்குப் பின்னால். வெயிலால் வந்ததானால் இந்த மூன்றும் தப்பித்திருக்கும். காற்றில் வந்த தூளானால் இந்த இடங்களிலும் சிவந்திருக்கும், ஏனென்றால் தூளுக்கு நிழல் கிடையாது. பல வருடம் கவனிக்காமல் விட்ட சாமந்தி ஒவ்வாமையோடு உண்மையான வெயில் ஒவ்வாமையும் சேர்ந்துகொள்ளும். அப்போது இந்தச் சோதனை தெளிவான விடை தராது, வெளிச்சச் சோதனையும் செய்ய வேண்டி வரும்.

செய்ய வேண்டியவை:

1. வேலைக்கு வரும் வழியிலும் இடத்தைச் சுற்றியும் பார்த்தீனியம் பூத்திருக்கிறதா பாருங்கள். சாமந்தியைக் குற்றம் சொல்லும் பலருக்கு உண்மையான தொடக்கம் அங்கே. ஒன்றுக்குப் பழகிய உடம்பு மற்றதற்கும் எதிர்வினை காட்டும். களையைப் பிடுங்க வேண்டியிருந்தால் பூக்கும் முன், மழை பெய்து ஈரமாக இருக்கும்போது, ஒவ்வாமை இல்லாத ஒருவர் கையுறையோடு பிடுங்கட்டும். கொளுத்தக் கூடாது.
2. காய்ந்த சருகைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் கூட்டுங்கள், அல்லது நுண்தூளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர். மின்விசிறிக் காற்று மேசையைத் தாண்டி முகத்தின் பக்கம் அடித்தால் திசையை மாற்றுங்கள்.
3. வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். தலைமுடியை மூடுங்கள், தூங்கும் முன் தலைக்குக் குளியுங்கள். முடியில் தங்கிய தூள் தலையணைக்குப் போய் இரவெல்லாம் இமையில் ஒட்டும்.
4. கைப்பையையும் குளியலறையையும் சோதியுங்கள். கெமோமில், காலெண்டுலா, ஆர்னிகா சேர்த்த "இயற்கை" களிம்புகள் இதே குடும்பத்தின் சாறுகள். சிவந்த முகத்துக்கு இதமாக இருக்கும் என்று இவற்றைப் பூசி மோசமாக்கிக்கொள்பவர்கள் நிறைய. கெமோமில் தேநீரும் இதில் சேரும்.

முகத்துக்கு வீரியமான ஸ்டீராய்டு கூடாது. தோல் மெலியும், இமையருகே தொடர்ந்து பூசினால் கண்ணழுத்தம் ஏறும். லேசானது, குறைந்த நாள், மருத்துவர் சொல்லும்போது மட்டும்.

செண்டுமல்லி எனப்படும் துலுக்கச் சாமந்தியும் இதே குடும்பம்தான். ஆனால் சாமந்தி ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட முடியாது. குடும்பப் பெயரை மட்டும் வைத்து எல்லாப் பூவையும் ஒதுக்காதீர்கள். சோதனை முடிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அறிகுறி 4: கையுறை போட்ட பிறகுதான் மோசமானது

புறங்கை முழுக்கச் சிவந்து, மணிக்கட்டில் கையுறை முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் நின்றால், குற்றவாளி ரப்பர். நிமிடங்களில் தடிப்பும் அரிப்பும் வந்தால் லேடெக்ஸ் புரதம். அது மூச்சு வரை போகக்கூடியது, லேடெக்ஸை அன்றே நிறுத்துங்கள். ஓரிரு நாள் கழித்து அரித்தால், ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தைராம், கார்பமேட் வகை வேதிப்பொருள்கள். இவை பல நைட்ரைல் கையுறைகளிலும் உண்டு, ஆகவே நைட்ரைலுக்கு மாறியும் தீரவில்லை என்றால் "ஆக்சிலரேட்டர் இல்லாதது" என்று அச்சிட்ட நைட்ரைலைத் தேடுங்கள்.

பூ வேலையில் இதற்கு ஒரு கிளை உண்டு. தைராம் என்பது பூஞ்சைக்கொல்லியின் பெயரும்கூட. விதைக்கும் கிழங்குக்கும் பூசுவார்கள். கையுறையால் இந்த ஒவ்வாமை வந்தவருக்கு மருந்து பூசிய கிழங்கைத் தொட்டாலும் அரிக்கும். பரிசோதனையில் செடிகள் எல்லாம் எதிர்மறை, தைராம் மட்டும் நேர்மறை என்று வந்தால் இந்த இரண்டு வழிகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும். குளோரோதலோனில் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியும் பூ கையாள்பவர்களுக்குத் தொடு ஒவ்வாமை தருவது பதிவாகியிருக்கிறது. வெட்டுப்பூக்கள் உண்ணும் பொருள் அல்ல என்பதால் அவற்றின் மேல் மருந்து எச்சம் அதிகமாகவே தங்கியிருக்கும். வெறுங்கையோடு வேலை செய்துவிட்டு அதே கையால் சாப்பிடுவதை நிறுத்த இது ஒன்றே போதுமான காரணம்.

அறிகுறி 5: முன்கையில் கோடு கோடாகக் கொப்புளம்

அரிக்கிறதா, எரிகிறதா? இங்கே இந்த ஒரு கேள்வி போதும்.

அரித்தால் பிரிமுலா ஒப்கோனிகா என்ற தொட்டிச் செடியைத் தேடுங்கள். அதன் நுண்ரோமங்களில் உள்ள பிரிமின், மிக வலுவான தொடு ஒவ்வாமைப் பொருள். வாடிய இலையைக் கிள்ளும்போது முன்கை உரசிய தடத்திலேயே கோடு விழும். பிரிமின் இல்லாத வகைகள் இப்போது வளர்க்கப்படுகின்றன. அவற்றுக்கு மாறினால் முடிந்தது.

எரிந்தால், வெயிலில் இருந்தீர்களா என்று யோசியுங்கள். நிரப்புப் பூவாகப் பயன்படும் ஆமி என்ற வெள்ளைக் குடைப்பூ, அருவதா, அத்தி இலை, எலுமிச்சை வகை இவற்றின் சாற்றில் ஃபியூரோகூமரின் உண்டு. சாறு பட்ட தோலில் புற ஊதா ஏ கதிர் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்புளிக்கும். சுமார் 24 மணி நேரத்தில் தொடங்கி 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். கொப்புளம் போன பிறகு தவிட்டு நிறக் கறை மாதக்கணக்கில் நிற்கும். இது ஒவ்வாமை அல்ல. சாறும் வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும். ஈரமான தோலில் இன்னும் மோசம். சாறு பட்டவுடன் சோப்பால் கழுவி அந்த இடத்தை இரண்டு நாள் துணியால் மூடுங்கள். ஜன்னல் கண்ணாடி புற ஊதா ஏ கதிரை முழுதாகத் தடுக்காது, ஆகவே உள்ளே உட்கார்ந்திருந்தேன் என்பது கணக்கில் வராது.

அறிகுறி 6: தொட்ட இடம் ஊசி குத்தினாற்போல் இருக்கிறது, பால் தெறித்தது

டாஃபடில் தண்டின் வழவழப்பான சாறு, ஹையாசிந்த் கிழங்கின் தூள், டீஃபன்பேக்கியா போன்ற சேம்பு இனத் தொட்டிச் செடிகள்: இவற்றில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கின்றன. அவை உண்மையிலேயே தோலில் குத்துகின்றன. தேய்த்தால் இன்னும் உள்ளே போகும்; ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஹையாசிந்த் கிழங்கை எடுக்கும் முன் நனைத்துவிட்டால் தூள் பறக்காது. டாஃபடிலைத் தனி வாளியில் வையுங்கள். அதன் சாறு மற்றப் பூக்களையும் வாட்டும், அந்தத் தண்ணீர் கையையும் அரிக்கும்.

பால் வடியும் கள்ளி இனம், அதாவது யூஃபோர்பியா, வேறு ரகம். பால் பட்ட நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும். வெட்டிய முனையை உடனே வெந்நீரில் முக்கியோ நெருப்பில் காட்டியோ பாலை நிறுத்திவிட்டு வேலையைத் தொடருங்கள். தோலில் பட்டால் சோப்போடு கழுவ வேண்டும், வெறும் தண்ணீருக்குப் போகாது.

கண்ணில் தெறித்தால் அந்த நொடியே ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். பிறகு வலி குறைவாக இருந்தாலும் அன்றே கண் மருத்துவர். கள்ளிப்பாலில் வலி சில மணி நேரத்தில் ஏறிக்கொண்டே போகும். எருக்கம்பால் இன்னும் ஏமாற்றும்: வலியே இல்லாமல் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். வலிக்கவில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். செடியின் பெயரையோ ஒரு கிளையையோ கூடக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 7: தும்மல், மூக்கடைப்பு, பிறகு இருமல், மூச்சு இழுப்பு

தொழிலால் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் மூக்கில்தான் தொடங்குகிறது. வேலைக்கு வந்தால் தும்மல், கண்ணில் நீர், விடுமுறையில் சுகம். இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் மூச்சுக்குழாய் தப்பிக்கும். தள்ளிப்போடப் போட, அந்தப் பூவை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிட வாய்ப்பு கூடுகிறது. பூ வேலை அலர்ஜிகளில் மிகக் கவலைப்பட வேண்டியது இதுதான்.

வாசனையும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. மூடிய அறையில் லில்லி, சம்பங்கி, மல்லிகையின் அடர்ந்த மணம் தலைவலியையும் மூக்கெரிச்சலையும் யாருக்கும் தரலாம்; ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு நெஞ்சு இறுகும். ஜன்னலைத் திறந்ததும் குறைந்தால் அது மணத்தின் வேலை. காற்றோட்டத்துக்குப் பிறகும் தும்மலும் கண்ணரிப்பும் தொடர்ந்தால் மேலே படியுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: ஜிப்ஸோபிலா என்ற சிறு வெள்ளை நிரப்புப் பூ, குறிப்பாக உலர்ந்தது; உலர்பூவாகவும் பயன்படும் ஸ்டாட்டிஸ்; சாமந்தி மகரந்தம்; ஃபைகஸ் பெஞ்சமினா என்ற அத்தி இனத் தொட்டி மரம். ஃபைகஸின் பால் இலைத் தூசியில் கலந்து பறக்கும். இலையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். அத்திப்பழம் சாப்பிட்டால் வாய் அரிக்கும் ஒருவருக்கு இந்த மரத்தின் மேல் சந்தேகம் இரட்டிப்பாகும்.

பூவே குற்றவாளியாக இல்லாமலும் போகலாம். கண்ணாடிக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு புள்ளிச் சிலந்திப்பேன் ஒவ்வாமை நன்கு அறியப்பட்டது. இலையின் மேல்புறம் ஊசி முனையால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள், அடிப்புறம் மெல்லிய நூலாம்படை. அந்த இலையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டி அரை நிமிடம் பாருங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அவைதான் சிலந்திப்பேன்கள். அவற்றை ஒழிக்க விடும் வேட்டைப் பேன்களுக்கும் ஒவ்வாமை வரும், ஆகவே அந்தப் பொட்டலத்தை உதறும்போது முகமூடி போடுங்கள். கிழங்கின் நீலப் பூஞ்சணம், வாடிய கொத்தின் சாம்பல் பூஞ்சணம் இவற்றையும் சரிபாருங்கள்.

நிரூபிக்கும் வழி பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி. நாளுக்குக் குறைந்தது 4 முறை, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி அதிகமானதை எழுதுங்கள். 4 வாரம் தொடருங்கள். வேலை நாளும் விடுமுறை நாளும் கலந்திருக்க வேண்டும், தொடர்ச்சியாகச் சில நாள் விடுப்பு இருந்தால் இன்னும் தெளிவு. பக்கத்திலேயே அன்று கையாண்ட பூக்களைக் குறியுங்கள். வேலை நாளில் சரிந்து விடுமுறையில் ஏறும் வரைபடத்தை மருத்துவர் ஒரே பார்வையில் படிப்பார். இந்தக் குறிப்பு முடியும் முன் வேலையை விட்டுவிட்டால் நிரூபிப்பது கடினம். ஆனால் மூச்சுத் திணறல் அதிகமாக இருந்தால் குறிப்பைக் கைவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

லில்லியின் மகரந்தப் பைகளை வெடிக்கும் முன் கிள்ளிவிடுவது நல்ல பழக்கம். தூசி வேலைக்கு என்95 முகமூடி; துணி முகமூடி நுண்தூளைத் தடுக்காது.

அறிகுறி 8: முள் குத்திய இடத்தில் ஆறாத கட்டி

இது அலர்ஜி அல்ல, ஆனால் அலர்ஜி என்று நினைத்தே பல வாரம் வீணாகும். ரோஜா முள்ளோ ஸ்பேக்னம் பாசியோ கீறிய இடத்தில் 1 முதல் 12 வாரத்துக்குள் வலியில்லாத கட்டி, பிறகு புண். அங்கிருந்து முன்கையில் மேல்நோக்கி வரிசையாகச் சின்னக் கட்டிகள். ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சைத் தொற்று. சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது, ஸ்டீராய்டு பெருக்கும். திசு மாதிரியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்வார்கள். இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பல மாதம் எடுக்க வேண்டும். "பூ வேலை செய்கிறேன், முள் குத்தியது" என்ற இரண்டு தகவலையும் நீங்களே சொல்லுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது

தாமத வகைக்கு முதுகில் ஒட்டும் பேட்ச் டெஸ்ட். 48 மணி நேரம் ஒட்டியிருக்கும். எடுத்ததும் ஒரு முறை, 4ஆம் நாள் ஒரு முறை பார்ப்பார்கள். இரண்டாவது முறைக்குப் போகாமல் விட்டால் பல ஒவ்வாமைகள் தப்பிவிடும். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்க வைக்கக் கூடாது. முந்தைய ஒரு வாரம் முதுகில் ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் அதைச் சொல்ல வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது. உடனடி வகைக்குக் கையில் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட். அதற்கு அரிப்பு மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

வழக்கமான பேட்ச் வரிசையில், அதாவது ஒட்டிப் பார்க்கும் பொருள்களின் தொகுப்பில், ட்யூலிப்பாலின் இருக்காது. "செடி வரிசை" தனியாக வேண்டும் என்று கேளுங்கள். சாமந்திக் குடும்பத்துக்கு செஸ்குவிடெர்பீன் லாக்டோன் கலவை மட்டும் வைத்தால் சிலருக்கு எதிர்மறையாக வந்துவிடும். அதே குடும்பச் செடிகளின் சாறுகள் சேர்ந்த காம்போசிட்டே கலவையும் சேர்த்து வைப்பது நல்லது. கையாளும் பூக்களின் முழுப் பெயர்ப் பட்டியல், இலையும் தண்டும் தெரியும் படங்கள், கையுறைப் பெட்டியின் லேபிள், வாளியில் போடும் பூ உணவுப் பொட்டலம், நீங்கள் பூசிய எல்லாக் களிம்புகளும்: இவை பையில் இருக்கட்டும். வீட்டிலேயே தோலில் இலையைக் கட்டிப் பார்க்காதீர்கள். பிரிமுலா, கள்ளி போன்றவை சோதனையிலேயே தோலைப் புண்ணாக்கும், இல்லாத ஒவ்வாமையைப் புதிதாக உண்டாக்கவும் செய்யும்.

முடிவு வந்த பிறகு வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அல்ஸ்ட்ரோமீரியா ஒவ்வாத ஒருவர் ரோஜா, கார்னேஷன், ஆர்க்கிட், ஜெர்பெரா எல்லாம் கையாளலாம். இலை உருவும் மேசையை மற்றவர் பார்க்கட்டும், அந்த மேசையின் கத்தரிக்கோல் அந்த மேசையிலேயே இருக்கட்டும். சாமந்திக் குடும்பம் ஒவ்வாதவருக்குக் கையுறை மட்டும் போதாது. அந்தப் பூ திறக்கப்படும் அறையிலிருந்தே அவருடைய இடத்தை மாற்ற வேண்டும். ஜிப்ஸோபிலாவால் மூச்சு இழுப்பவருக்கும் இதே விதி, அவருக்கு உலர்பூ அலமாரியும் வேறு அறைக்குப் போக வேண்டும்.